அடங்காத பிள்ளையும் அமானிதம்தான்



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் என்றென்றும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! வீட்டிலிருந்து ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே! பிறகு இதை எழுத்தில் வாசிக்கப் போகிறவர்களே!

போன வாரம் ஜும்ஆ முடிந்து வீட்டுக்குப் போனேன். என் மனைவி சாப்பாடு வைத்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். நம் மஹல்லாவில் ஒரு பெண்மணி காலையில் வந்துவிட்டுப் போனாராம். கையில் ஒரு தண்ணீர் பாட்டில். "ஹஜ்ரத்கிட்ட இதுல ஓதி ஊதித் தரச் சொல்லுங்கக்கா. நடுவுல உள்ளவனுக்குத்தான். அவன் மேல என்னமோ இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றாராம்.

அவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தது பெண், 9 வயது. கடைசிக் குழந்தைக்கு ஒன்றரை வயது. நடுவில் உள்ளவனுக்கு ஆறரை. உட்கார வைத்தால் உட்கார மாட்டான். கோபம் வந்தால் அக்காவைக் கடிக்கிறான், சோற்றுத் தட்டை வீசுகிறான். தெருவில் கையை உதறிவிட்டு ஓடுகிறான், வண்டி வருகிறதா என்று பார்ப்பதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வாரம் தவறாமல் போன் வருகிறது. ஒரு கல்யாண வீட்டில் பிரியாணி தேக்சா இறக்கும் இடத்துக்கு ஓடிப்போய், பெரியவர்கள் பதறி, சொந்தக்காரர்கள் எல்லோரும் அந்தத் தாயைத் திரும்பிப் பார்த்த பிறகு, அவர் எந்த விசேஷத்துக்கும் போவதில்லை. எட்டு மாதமாகிறதாம்.

எழுந்து போகும்போது வாசலில் நின்று ஒரு வார்த்தை கேட்டாராம். "நான் என்ன பாவம் செஞ்சேன்னு ஹஜ்ரத்கிட்ட கேட்டுச் சொல்லுங்கக்கா."

அந்தக் கேள்விக்குத்தான் இன்றைக்குப் பதில் சொல்ல நினைக்கிறேன். அவருக்கு மட்டுமல்ல, நம் எல்லோருக்கும். ஏனென்றால் அந்தக் கேள்வியை அவர் மனதில் போட்டவர்கள் நாம்தான்.

மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவில் நம் வீடுகளில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அத்தா கடையில் இருப்பார், இல்லையென்றால் துபாயிலோ ரியாதிலோ இருப்பார். கடைக்குட்டி பாலுக்கு அழும். மூத்தவளுக்கு வீட்டுப்பாடம். நடுவில் உள்ளவன் சோபாவிலிருந்து குதித்துக்கொண்டிருப்பான். அடுப்பில் சட்டி. வெளிநாட்டிலிருந்து வீடியோ கால் வரும். "என்ன சத்தம் அங்க? அவன்கிட்ட போனைக் கொடு" என்று அவர் அங்கிருந்து ஒரு அதட்டு அதட்டுவார். அதட்டி முடித்ததும் அவர் கடமை முடிந்தது. கூடத்தில் உட்கார்ந்திருக்கும் மாமியார், "நானும்தான் ஆறு பெத்தேன், ஒண்ணுகூட இப்படி இல்லை" என்பார். அந்தப் பெண் யாரிடம் போய்ச் சொல்வாள்?

என் வீட்டிலும் மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். மிம்பரில் நிற்பதால் என் வீட்டில் எல்லாம் அமைதியாக நடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஓங்கிய கை இது.

சகோதரர்களே! முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பருவமடையாத பிள்ளையின் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது, அதாவது அவன் செய்வது பாவமாக எழுதப்படுவதில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அபூதாவூதில் வரும் ஹதீஸ். அல்லாஹ்வே குற்றம் எழுதாத ஒரு பிள்ளைக்கு நாம் ஊர் முழுக்கக் குற்றப்பத்திரிகை எழுதி வைத்திருக்கிறோம். இன்னொன்று. பிள்ளைகளும் செல்வமும் சோதனை என்று அத்தகாபுன் அத்தியாயத்தில் அல்லாஹ் சொல்கிறான். சோதனை என்றால் தண்டனை என்று பொருளில்லை. அமைதியான பிள்ளையும் சோதனைதான், நன்றாகப் படிக்கிற பிள்ளையும் சோதனைதான். இவருக்கு வந்த பரீட்சைத் தாள் கொஞ்சம் கடினம், அவ்வளவுதான். அதைப் பார்த்து இவர் என்ன பாவம் செய்தாரோ என்று பேச நமக்கு எந்த உரிமையும் கிடையாது.

அரபுக் கல்லூரியில் ஸர்ஃப் பாடத்தில் எங்களுக்கு 'தஸ்கீர்' என்று ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு பெயரைச் சிறிதாக்கிச் சொல்வது. மகனுக்கு அரபியில் 'இப்ன்' என்பார்கள். அதைத் தஸ்கீர் ஆக்கினால் 'புனய்' என்று வரும். நாம் கண்ணு, ராஜா, செல்லம் என்று குழைகிறோமே, அந்தக் குழைவு அந்தச் சொல்லில் இருக்கிறது. அன்றைக்கு இதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். பிள்ளைகள் பிறந்த பிறகுதான் குர்ஆனில் இந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்று தேடிப் பார்த்தேன். லுக்மான் (அலை) அவர்கள் மகனுக்கு உபதேசம் செய்யும்போது இந்தச் சொல். கனவைச் சொன்ன யூஸுஃபிடம் யஃகூப் (அலை) அவர்கள் பேசும்போது இந்தச் சொல். அறுக்கும்படி கனவில் கண்டதை மகனிடம் சொல்லும் இப்ராஹீம் (அலை) அவர்கள் வாயிலும் இதே சொல்.

இவர்களெல்லாம் நல்ல பிள்ளைகள், கூப்பிடுவது எளிது என்று தோன்றலாம். நூஹ் (அலை) அவர்களைப் பாருங்கள். மகன் ஈமான் கொள்ளவில்லை. தகப்பன் பேச்சைக் கேட்கவில்லை. மலை மாதிரி அலை எழும்பி வருகிறது, கப்பலில் ஏறு என்கிறார்கள், மலை மேல் ஏறித் தப்பித்துக்கொள்வேன் என்கிறான். அந்தக் கடைசி நிமிடத்திலும் அந்தத் தகப்பன் வாயிலிருந்து வந்தது 'யா புனய்ய' என்றுதான் ஹூத் அத்தியாயம் சொல்கிறது.

நாம் என்ன சொல்லிக் கூப்பிடுகிறோம்? சனியனே. பிசாசே. இப்லீஸு. ஒரு பிள்ளை ஒரு நாளைக்கு நாற்பது தடவை தன்னை இப்லீஸ் என்று கேட்டால் அவன் தன்னைப் பற்றி என்ன நினைப்பான்? தெருவில் உள்ளவர்களுக்கும் அதுவே அவன் பெயராகிவிடுகிறது.

நாயகம் (ஸல்) அவர்களின் வீட்டில் பத்து வருடம் பணிவிடை செய்தவர் அனஸ் (ரலி) அவர்கள். சேரும்போது சிறுவர். முஸ்லிம் கிரந்தத்தில் அவர்களே சொல்லும் சம்பவம். ஒரு நாள் ஒரு வேலையாகப் போய்வரச் சொன்னார்கள். இவர் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டார். உள்ளுக்குள் போக வேண்டும் என்ற எண்ணம் இருந்ததாம், வாய் மட்டும் மாட்டேன் என்றது. பிள்ளை வளர்த்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். பிறகு கிளம்பினார், வழியில் கடைத்தெருவில் சிறுவர்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள், அங்கேயே நின்றுவிட்டார். போன வேலை போச்சு. கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து ஒரு கை பிடரியைப் பிடிக்கிறது. திரும்பிப் பார்த்தால் அல்லாஹ்வின் தூதர் நிற்கிறார்கள், சிரித்துக்கொண்டு. அப்போது எப்படிக் கூப்பிட்டார்கள் தெரியுமா? 'உனைஸ்' என்று. அனஸ் என்ற பெயரின் தஸ்கீர். சொன்ன இடத்துக்குப் போனாயா என்று கேட்டார்கள். இதோ போகிறேன் யா ரஸூலல்லாஹ் என்றார், போனார்.

சொன்ன பேச்சைக் கேட்காத நேரத்தில் செல்லப் பெயர்! நாம் நல்ல மூடில் இருக்கும்போது கண்ணே மணியே என்போம். பிள்ளை தப்பு செய்து நிற்கும்போது அந்தப் பெயர் வாயில் வருகிறதா என்பதுதான் கேள்வி. அந்தப் பத்து வருடத்தில் ஒரு நாள்கூட என்னை 'ச்சீ' என்று சொன்னதில்லை என்று அனஸ் (ரலி) அவர்கள் பிற்காலத்தில் சொன்னார்கள். அதை நினைவில் வைத்திருந்தார்கள் பாருங்கள். பிள்ளைகள் மறப்பதில்லை.

இங்கே ஒருவர் மனதில் ஒரு கேள்வி ஓடும். ஹஜ்ரத், பத்து வயதில் தொழவில்லையென்றால் அடிக்கச் சொல்லி ஹதீஸ் இருக்கிறதே? இருக்கிறது. மறைக்கவில்லை. ஏழு வயதில் ஏவுங்கள், பத்து வயதில் அதற்காக அடியுங்கள் என்று வருகிறது. ஏழிலிருந்து பத்து வரை மூன்று வருடம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, கணக்குப் போட்டால் 5,000 தடவைக்கு மேல் வாயால் சொல்லியிருக்க வேண்டும். அதன் பிறகும் காயப்படுத்தாத, முகத்தில் படாத, பயனளிக்கும் என்றால் மட்டும் அனுமதிக்கப்பட்ட ஒன்று என்று ஃபுகஹாக்கள் எத்தனை வேலி போட்டிருக்கிறார்கள். இந்த ஹதீஸை எடுத்துக்கொண்டு வந்து, நான்கு வயதுப் பிள்ளை பால் டம்ளரைத் தட்டிவிட்டதற்கு அறைகிறவருக்கு இதில் எந்த ஆதாரமும் இல்லை. தொழுகையைப் பற்றி ஐந்து தடவைகூடச் சொல்லாதவர்தான் இந்த ஹதீஸை அதிகம் சொல்கிறார் என்பது என் அனுபவம். நாயகம் (ஸல்) அவர்கள் போர்க்களம் தவிர வேறெங்கும் தன் கையால் யாரையும், ஒரு பெண்ணையோ ஒரு பணியாளையோ அடித்ததில்லை என்று கூட வாழ்ந்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சாட்சி சொல்கிறார்கள்.

சரி. இப்போது நான் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

என் மனைவி அந்தப் பெண்மணியைப் பற்றிச் சொன்னதும், யார் வீடு என்று கேட்டேன். சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு ரமளானுக்கு முன்பு நம் பள்ளியில் தராவீஹ் நடந்துகொண்டிருந்தபோது, ஸுஜூதில் இருக்கும்போது திடீரென்று எல்லா மின்விசிறியும் நின்றது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பிறகு ஓடியது. பிறகு நின்றது. சுவிட்ச் போர்டின் கீழே நாற்காலி போட்டு ஏறி நின்றவன் இந்தப் பிள்ளைதான். அப்போது அவனுக்கு ஐந்து வயது. மோதினார் அவனைப் பிடிக்க, அவன் வெளிப்பள்ளியைச் சுற்றி ஓட, பெரியவர்கள் சத்தம் போட, அன்றைக்கு யாருக்கும் தொழுகையில் மனம் நிற்கவில்லை. எனக்கும் நிற்கவில்லை. தொழுகை முடிந்ததும் அவன் அத்தாவைத் தனியாகக் கூப்பிட்டேன். "பாய், கொஞ்ச நாளைக்குப் பையனைக் கூட்டிட்டு வராதீங்களேன்" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஸலாம் சொன்னார், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

அதன் பிறகு ஜும்ஆவுக்கு வருவார், கடைசியில் வந்து முதலில் போய்விடுவார். இஷாவுக்கும் ஃபஜ்ருக்கும் அவரை நான் பார்க்கவில்லை. வியாபாரம் பிஸி என்று நினைத்துக்கொண்டேன். போன வாரம்தான் அவர் வீட்டிலிருந்து தெரிந்தது: பிள்ளையை விட்டுவிட்டு அவர் மட்டும் பள்ளிக்குக் கிளம்பினால் அவன் வாசலில் விழுந்து அழுகிறானாம். அதனால் இரண்டு பேரும் வீட்டிலேயே தொழுகிறார்கள்.

ஒரு பிள்ளையை அனுப்பினேன், ஒரு தொழுகையாளியும் சேர்ந்து போனார். நான் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு அல்லாஹ்விடம் என்ன பதில் வைத்திருக்கிறேன்?

இதே மிம்பரில் நின்று நான் எத்தனை தடவை உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன்! நாயகம் (ஸல்) அவர்கள் குத்பா ஓதிக்கொண்டிருக்கிறார்கள். ஹஸனும் ஹுஸைனும் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு தட்டுத் தடுமாறி நடந்து வருகிறார்கள். பேச்சை நிறுத்திவிட்டு மிம்பரிலிருந்து இறங்கி இரண்டு பேரையும் தூக்கி வந்து முன்னால் வைத்துக்கொண்டு, இவர்கள் தடுமாறுவதைப் பார்த்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை என்றார்கள். இன்னொரு நாள் ஜமாஅத் தொழுகையில் ஒரு ஸுஜூது நீண்டுகொண்டே போனது. தொழுகைக்குப் பின், ஏதாவது ஆகிவிட்டதோ, வஹீ வந்ததோ என்று ஸஹாபாக்கள் கேட்டார்கள். அதெல்லாம் இல்லை, பேரப்பிள்ளை முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தான், அவன் இறங்கும்வரை அவசரப்படுத்த மனமில்லை என்ற பொருளில் பதில் சொன்னார்கள். மகள் ஸைனப் (ரலி) அவர்களின் குழந்தை உமாமாவைத் தூக்கிக்கொண்டே தொழுதிருக்கிறார்கள். ஸுஜூதுக்குப் போகும்போது இறக்கிவிடுவார்கள், எழும்போது தூக்கிக்கொள்வார்கள். பின்னால் ஒரு குழந்தை அழுதால் தொழுகையைச் சுருக்குவார்கள், தாய்க்குக் கஷ்டமாக இருக்குமே என்று. அந்தத் தாய் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொன்னதாக எந்தக் கிரந்தத்திலும் நான் படித்ததில்லை. ஏழு வருடம் ஓதிப் பட்டம் வாங்கியவன், மின்விசிறி நின்றதும் அத்தனையையும் மறந்துவிட்டேன்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். இந்த விஷயத்தை ஜும்ஆவில் சொல்லட்டுமா என்றும் கேட்டேன். "ஊருக்கே தெரிஞ்சதுதானே ஹஜ்ரத், சொல்லுங்க. எங்களை மாதிரி இன்னும் நாலு வீடு இருக்கும்" என்றார். அந்தப் பையன் என் தலைப்பாகையைக் கழற்றித் தன் தலையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றி வந்தான்.

அங்கே பேசியதில் சிலவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

தண்ணீரில் ஓதிக் கொடுத்தேன். ஹஸன், ஹுஸைன் இருவருக்கும் நாயகம் (ஸல்) அவர்கள் பாதுகாப்புத் தேடி ஓதியிருக்கிறார்கள், அது ஸுன்னத். ஆனால் பிள்ளை மேல் ஜின் இருக்கிறது என்று சொல்லி ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவர்களிடமும், கட்டி வைத்து அடிப்பவர்களிடமும் தயவுசெய்து போகாதீர்கள். அதே நாயகம்தான் நோய்க்கு மருந்து உண்டு, வைத்தியம் செய்யுங்கள் என்றும் சொன்னார்கள். சில பிள்ளைகளுக்கு உட்கார முடியாமல் போவதும், கவனம் நிற்காமல் ஓடுவதும் வளர்ப்பில் வந்த கோளாறு இல்லை. மூளை வேலை செய்யும் விதமே அப்படி. ஏ.டி.எச்.டி என்கிறார்கள், ஆட்டிசம் என்று வேறொன்று இருக்கிறது. சில பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்காது, நாம் அடம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். எது என்று சொல்ல நான் வைத்தியன் இல்லை, பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கென்றே மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம் இருக்கிறது, டி.இ.ஐ.சி. என்பார்கள். 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இலவசம். குழந்தைகள் பிரிவில் கேட்டால் வழி காட்டுவார்கள். ஊர் என்ன சொல்லுமோ என்று தள்ளிப் போடாதீர்கள். தள்ளிப் போடுகிற ஒவ்வொரு வருடமும் அந்தப் பிள்ளையின் வருடம்.

வீட்டில் செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. எந்த நேரத்தில் வெடிக்கிறான் என்று ஒரு வாரம் கவனியுங்கள். அந்தத் தாய் யோசித்துப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடம் விட்டு வந்து ஏதாவது சாப்பிடும் வரைக்கும்தான் ரொம்ப மோசம் என்றார். பசி. அப்புறம், போனைப் பிடுங்கும் நேரம். திடீரென்று பிடுங்கினால் பெரியவர்களுக்கே கோபம் வரும். இன்னும் இந்த ஒன்று முடிந்ததும் வைத்துவிட வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள், பக்கத்தில் போய், தோளில் கை வைத்து. அடுப்படியிலிருந்து கத்தினால் அவனுக்கு அது சத்தம் மட்டும்தான்.

நான் எழுந்திருக்கும்போது மூத்த பெண் கதவோரம் நின்றிருந்தாள். முழங்கைக்குக் கீழே பல் பதிந்த தடம். "வலிக்குதாம்மா?" என்று கேட்டேன். தலையாட்டிவிட்டு, "நான்தானே பெரியவ" என்றாள்.

தகப்பன்மார்களே! இப்படிப்பட்ட வீட்டில் அமைதியான பிள்ளைதான் ரொம்பத் தனியாக இருக்கும். அவள் பொம்மையை அவனுக்குக் கொடு, நீ விட்டுக்கொடு, நீ சத்தம் போடாதே. எல்லா விட்டுக்கொடுத்தலும் ஒன்பது வயதுப் பிள்ளையின் தலையில். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு அவர் தகப்பனார் ஒரு அன்பளிப்புக் கொடுத்துவிட்டு நாயகத்தைச் சாட்சியாக்க வந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதேபோல் கொடுத்தீரா என்று கேட்டார்கள். இல்லை என்றார். அல்லாஹ்வை அஞ்சி, பிள்ளைகளுக்கிடையே நீதமாக நடந்துகொள்ளுங்கள் என்றார்கள், அவர் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பொருளில் மட்டுமா நீதம்? நேரத்திலும்தான். அந்த அத்தாவிடம் சொன்னேன்: வாரத்தில் ஒரு நாள் மகளை மட்டும் வண்டியில் உட்கார வைத்து வெளியே கூட்டிப் போங்கள். எங்கே என்று அவள் சொல்லட்டும்.

தாய்மார்களே, உங்களுக்கு ஒன்று. களைப்பில் வாயிலிருந்து "மவுத்தாப் போ" என்று வந்துவிடுகிறது. மனதார நினைத்து நீங்கள் சொல்லவில்லை, அல்லாஹ்வுக்குத் தெரியும். ஆனாலும் பிள்ளைகளுக்கு எதிராக துஆச் செய்யாதீர்கள், அது கபூலாகும் நேரமாக அமைந்துவிடலாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அந்த ஆத்திரத்திலேயே "அல்லாஹ் உன்னை ஸாலிஹாக்கட்டும்" என்று கத்துங்கள். கத்தியே சொல்லுங்கள், பரவாயில்லை. அதுவும் கபூலாகும் நேரமாக அமையட்டும். மாமியார்களே, நாத்தனார்களே, அந்தப் பெண்ணுக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அவள் தூங்கட்டும். நீங்கள் ஓதுகிற திக்ருக்கு எவ்வளவு நன்மையோ, அதைவிடக் குறைவாகக் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

கடைசியாக ஜமாஅத்தார்களுக்கு. இன்று இஷாவிலிருந்து அந்தப் பாயும் பிள்ளையும் வருகிறார்கள். வடக்கு வாசலை ஒட்டிக் கடைசி ஸஃப்பில் நிற்பார்கள். அவன் வேடிக்கை பார்ப்பான், பேசுவான், எழுந்து நடப்பான். யாரும் அதட்ட வேண்டாம், அத்தாவைத் திரும்பிப் பார்க்கவும் வேண்டாம். திரும்பிப் பார்ப்பதும் அதட்டல்தான். மோதினாரிடம் பேசிவிட்டேன். ஸலாம் கொடுத்ததும் எல்லா மின்விசிறியையும் அணைக்கும் வேலை இனி அவனுக்கு. அது வரைக்கும் கை வைக்கக் கூடாது என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன், சரி என்றான். நடுவிலேயே நின்றுவிட்டால் ஐந்து நிமிடம் வியர்த்துக்கொண்டு தொழுவோம்.

ஸுன்னத் தொழாதவர்கள் தொழுதுகொள்ளுங்கள். குத்பாவுக்கு நேரமாகிவிட்டது.